ஒரு பக்கத்துக்கு ஆறு நொடி, நிறுவ மூன்று நாள்

முதல் பக்கம் ஆறு நொடியில் வந்தது. இடப்பக்கம் ஸ்கேன் செய்த படம், வலப்பக்கம் அதே பக்கம் திருத்தக்கூடிய எழுத்தாக. படத்தில் ஒரு வரியைத் தொட்டால் வலப்பக்கத்தில் அதே வரி மஞ்சளாகிறது. சந்தேகமான சொற்களுக்கு அடியில் சிவப்புக் கோடு விழுகிறது. 19 வருடமாக மெய்ப்புத் திருத்தி வருகிறேன். என் வேலைக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த கருவி ஒன்றை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

அந்த ஆறு நொடியைப் பார்க்க எனக்கு மூன்று முழு நாள் ஆனது. இந்த விமர்சனத்தில் பெரும்பகுதி அந்த மூன்று நாளைப் பற்றியது.

மென்பொருளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு சிறு குழு இலவசமாகச் செய்து தருகிறது. குறைகளை அவர்களுக்குத் தனியாக விரிவாக எழுதி அனுப்பிவிட்டேன். இந்தச் சிக்கல் அவர்கள் ஒருவரோடு நிற்பதும் இல்லை. பெயரை மாற்றிப் போட்டால் இன்னும் எத்தனையோ மென்பொருள்களுக்கு இதே விமர்சனம் பொருந்தும்.

என் தேவை எளியது. 412 பக்கமுள்ள பழைய புத்தகம் ஒன்றின் ஸ்கேன், ஒரே பிடிஎஃப் கோப்பாக என்னிடம் இருந்தது. அதை எழுத்தாக்க வேண்டும். கையால் தட்டினால் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம் போகலாம். அதனால்தான் எழுத்துணரி, அதாவது படத்தில் இருக்கும் எழுத்தை அடையாளம் கண்டு தரும் மென்பொருள், தேடினேன். இந்த மென்பொருளின் முகப்பில் ‘பதிவிறக்கு’ என்று பெரிய பொத்தான் இருந்தது. அழுத்தினேன். வந்தது இன்ஸ்டாலர் அல்ல, ஒரு ஜிப் கோப்பு. பிரித்தால் உள்ளே நாற்பதுக்கு மேல் கோப்புகள், இரட்டைச் சொடுக்கினால் திறக்கக்கூடியது ஒன்றுகூட இல்லை. ‘முதலில் இதைப் படிக்கவும்’ என்று ஒரு ஆவணம் மட்டும், 14 பக்கம்.

ஆவணத்தில் பிழை தேடிப் படிப்பது என் தொழில் என்பதால் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தேன். மொத்தம் 23 படி. அவற்றில் ஒன்பது இடத்தில் வாசகர் ஏதோ ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒன்பதில் ஒன்றுக்குக்கூட எப்படி முடிவெடுப்பது என்று ஆவணத்தில் இல்லை.

முதல் படி, ‘பைத்தான் 3.8 அல்லது அதற்கு மேல் நிறுவவும்’. பைத்தான் என்பது இந்த மென்பொருளை எழுதிய நிரல்மொழி, அது கணினியில் இருந்தால்தான் மென்பொருள் ஓடும். மேல் என்றால் புதியதுதானே நல்லது என்று, அன்றைக்கு இருந்த ஆகப் புதிய பைத்தானை இறக்கி நிறுவினேன். அடுத்த படியில் சொன்ன கட்டளையைத் தட்டினால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது கணினி. பைத்தானின் விண்டோஸ் இன்ஸ்டாலரில் முதல் திரையின் அடியில் ஒரு சிறு கட்டம் இருக்கிறது, பைத்தானைப் பாத்தில் சேர்ப்பதற்கு. அதை நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பைத்தானை ஏற்கெனவே பழகியவர்களுக்குக் கை தானாக அங்கே போய்விடும். முதல்முறை வருபவருக்கு அது கண்ணில் படாது. ‘அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்’ என்ற ஒற்றை வரி அந்த 14 பக்கத்தில் எங்கேயாவது இருந்திருந்தால் என் ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

பாத் என்பது என்ன என்று இதைப் படிப்பவர்களுக்காவது சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மூன்று நாளில் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு கட்டளையைத் தட்டினால் அந்த நிரல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கணினி தேட வேண்டும். எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்ற பட்டியல்தான் பாத். அந்த வரிசையிலேயே தேடிப் போகும், முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். பட்டியலைத் திருத்தினாலும் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் கட்டளைச் சாளரத்துக்கு அது தெரியாது. மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தால்தான் தெரியும். இவ்வளவுதான் விஷயம், ஐந்து வாக்கியம். இது தெரியாமல், சரியாகத் திருத்திய பட்டியலைத் தவறென்று நினைத்து நான் மூன்று முறை அழித்து அழித்து எழுதினேன்.

பாத் சரியானதும் அடுத்த தடை. மென்பொருளுக்கு வேண்டிய துணை நூலகங்களை, அதாவது பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகளை, ஒரு கட்டளை தானாக இறக்கித் தரும் என்று எழுதியிருந்தது. இறக்கவும் செய்தது, பாதிவரை. பிறகு திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. கடைசி வரியில் விஷுவல் சி++ 14.0 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும் என்றிருந்தது. தேடிப் படித்ததில் காரணம் புரிந்தது. அந்த நூலகங்களில் ஒன்றுக்கு, நான் போட்டிருந்த புதிய பைத்தானுக்கான ஆயத்தப் பொதி கிடையாது. ஆயத்தப் பொதி இல்லையென்றால் மூலநிரலை இறக்கி என் கணினியிலேயே அதை ஓடக்கூடிய நிரலாகத் தொகுக்கப் பார்க்கும். அதற்கு சி++ தொகுப்பி வேண்டும், அது பல ஜிகாபைட். புத்தகப் பக்கத்தை எழுத்தாக மாற்ற வந்தவள் நிரல் எழுதுவோரின் பட்டறை முழுவதையும் வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் இறங்கிய பிறகு நிறுத்தினேன்.

அப்படியென்றால் ‘அதற்கு மேல்’ என்று எழுதியது தவறு. 3.8 என்றால் 3.8 மட்டும். சரி, 3.8ஐயே தேடிப் போனேன். பைத்தானின் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கட்டத்துக்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான் வரும், அவையும் மூலநிரலாக மட்டும். 3.8 கிளையில் விண்டோஸ் இன்ஸ்டாலரோடு வந்த கடைசி வெளியீடு 3.8.10. அதற்குப் பின் 3.8.20 வரை வந்தவற்றில் இன்ஸ்டாலர் கிடையாது. இது தெரியாதவர் 3.8 வரிசையில் ஆகப் புதியதைத் திறந்து, விண்டோஸுக்கு எதுவும் இல்லையே என்று திகைத்து நிற்பார். நான் அப்படித்தான் நின்றேன். அந்தக் கிளைக்கான ஆதரவே 2024 அக்டோபரோடு முடிந்துவிட்டது. கடைசியில் 3.8.10 கிடைத்து, நிறுவி, புதியதை நீக்கிவிட்டு, நூலகங்கள் எல்லாம் இறங்கியபோது சனிக்கிழமை இரவு ஒன்பதரை. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை டெசராக்ட். எழுத்தை உண்மையில் அடையாளம் காண்பது இந்த இயந்திரம்தான். எச்பி நிறுவனத்தில் 1980களில் தொடங்கிய வேலை, 2005இல் திறந்த மூலமாக வெளிவந்தது, பிறகு கூகுள் பல ஆண்டு வளர்த்தது. 2018இல் வந்த 4ஆம் பதிப்பு நரம்பியல் வலை முறைக்கு மாறியது. அதன்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை, நன்றிதான் உண்டு. என் குறையெல்லாம் அதை எப்படிச் சேர்ப்பது என்று இந்த ஆவணம் சொன்ன விதத்தில்.

‘தமிழுக்கான பயிற்சிக் கோப்பை இறக்கி உரிய ஃபோல்டரில் வைக்கவும்’ என்கிறது 11ஆம் படி. ஒரு மொழியின் எழுத்தை அடையாளம் காண டெசராக்டுக்கு வேண்டியதுதான் பயிற்சிக் கோப்பு. எந்தக் கோப்பு? மூன்று தொகுப்பு இருக்கிறது: வேகமானது, துல்லியமானது, பழைய முறையும் சேர்ந்தது. மூன்றிலும் தமிழ்க் கோப்பின் பெயர் ஒன்றே. அதுபோக தமிழ் மொழிக்கு ஒரு கோப்பு, தமிழ் எழுத்துவடிவத்துக்கு இன்னொரு கோப்பு. உரிய ஃபோல்டர் எது? அதுவும் இல்லை. நானாகக் கண்டுபிடித்து வைக்கப் போனால் நிர்வாகி அனுமதி வேண்டும் என்றது விண்டோஸ். வைத்த பிறகும் கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற பிழைச்செய்திதான் வந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. பயிற்சிக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை ஒரு சூழல் மாறியில், அதாவது நிரல்கள் பார்த்துக்கொள்வதற்காக விண்டோஸில் பெயரிட்டு வைக்கும் குறிப்பில், எழுத வேண்டும். ஆவணம், ‘அந்த ஃபோல்டருக்கு ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரைக் கொடுங்கள்’ என்கிறது. அப்படியே கொடுத்தேன், வேலை செய்யவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பிழைச்செய்தியை எழுத்தெழுத்தாக, மெய்ப்புப் பார்ப்பதுபோல் படித்தேன். அந்த ஃபோல்டரையே கொடு என்று அது தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. டெசராக்ட் 3இல் மேல் ஃபோல்டரைக் கொடுக்க வேண்டும், 4இலிருந்து அந்த ஃபோல்டரையே கொடுக்க வேண்டும். இவர்களுடைய மென்பொருள் 4 இல்லாமல் ஓடாது. அவர்களுடைய வழிமுறையோ 3க்கு எழுதியது. நிரலை மாற்றியவர்கள் ஆவணத்தை மறந்துவிட்டார்கள். ஒரு வரி. ஆனால் அந்த வரியை நம்பியவர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அங்கேயே விட்டுப் போயிருப்பார்கள்?

ஒருவரை எனக்கே தெரியும். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர், 71 வயது. சந்திப்பிழையை அவர் கண் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. இதே மென்பொருளை எனக்கு இரண்டு மாதம் முன்பே இறக்கிப் பார்த்திருக்கிறார். ஞாயிறு மாலை தொலைபேசியில் பேசும்போதுதான் சொன்னார். “எனக்கு இதெல்லாம் வராதும்மா. வயசாயிடுச்சு. கையாலயே அடிச்சிடறேன்னு விட்டுட்டேன்.” எந்த இடத்தில் நின்றது என்று கேட்டேன். பாத். அந்தச் சொல்லைக்கூட அவர் தயங்கித்தான் சொன்னார். “சார், அது உங்க தப்பே இல்ல சார். அதுல எழுதியிருக்கறதே தப்பு” என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அந்த இரண்டு மாதத்தில் அறுபது பக்கத்துக்குமேல் கையால் தட்டி முடித்திருந்தார்.

இப்படி விட்டுப்போனவர்கள் யாரும் அந்தக் குழுவுக்குக் கடிதம் எழுத மாட்டார்கள். தன்னால் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு ஜிப் கோப்பை அழித்துவிடுவார்கள். பதிவிறக்க எண்ணிக்கையில் மட்டும் ஒன்று கூடியிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை மூன்றாம் நாள். பிடிஎஃப் பக்கங்களைப் படமாக்க பாப்ளர் என்ற இன்னொரு தொகுப்பு வேண்டும், இன்னொரு ஜிப். அதன் ‘பின்’ ஃபோல்டரைப் பாத்தில் சேர்க்கச் சொன்னார்கள். நான் இறக்கியதில் அது ‘லைப்ரரி’ என்ற ஃபோல்டருக்குள் இருந்தது. அதற்குள் எனக்குப் பழகிவிட்டது, பத்து நிமிடத்தில் முடிந்தது. 23ஆம் படியும் தாண்டியாயிற்று. மென்பொருள் திறந்தது. புத்தகத்தைக் கொடுத்தேன். படத்தைத் திறக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்தது, கீழே கோப்பின் முகவரி. அந்த முகவரியில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு கேள்விக்குறி.

என் கணினியில் பயனர் பெயரைத் தமிழில்தான் வைத்திருக்கிறேன். ஐந்து எழுத்து, எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடில் ஏழு குறி. ஏழும் கேள்விக்குறியாகி நின்றன. தமிழைப் படிப்பதற்கென்றே செய்த மென்பொருளுக்கு என் பெயரைப் படிக்கத் தெரியவில்லை.

இதன் காரணத்தை அன்று இரவு படித்தேன். பழைய முறையில் எழுதிய விண்டோஸ் நிரல்கள் கோட் பேஜ் என்ற அட்டவணை வழியாகத்தான் எழுத்துகளைப் பார்க்கின்றன. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு 1252, சிரிலிக் எழுத்துக்கு 1251, தாய் மொழிக்கு 874 என்று எண் இருக்கிறது. தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஓர் இயல்பு அட்டவணை கிடையாது. தமிழ் அங்கே யூனிகோட் வழியாக மட்டுமே உண்டு. ஆகவே பழைய வழியில் போகும் நிரலுக்குத் தமிழ்ப் பெயர் உள்ள ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியாது, எழுத்துக்கெழுத்து கேள்விக்குறியாகிவிடும். 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல், நிரலோடு வரும் விவரக் கோப்பில் ஓர் அறிவிப்பைச் சேர்த்தால் யூனிகோடின் ஒரு வடிவமான யூடிஎஃப்-8ஐயே தன் அட்டவணையாக எடுத்துக்கொள்ளலாம். இந்த மென்பொருளில் மற்ற பகுதிகள் சரியாகத்தான் இருந்தன. படத்தைத் திறக்கும் ஒரே ஒரு உதவி நிரல் பழைய வழியில் போயிருக்கிறது.

‘புதிதாக ஆங்கிலப் பெயரில் ஒரு பயனர் கணக்கைத் திறந்துகொள்ளுங்கள்’ என்பதுதான் கேள்வி பதில் பகுதியில் இதற்குக் கொடுத்திருந்த தீர்வு. அதை நான் செய்யவில்லை. தற்காலிகக் கோப்புகள் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் இரண்டு சூழல் மாறிகளை சி டிரைவின் நேரடி ஃபோல்டர் ஒன்றுக்குத் திருப்பி, புத்தகத்தையும் அங்கேயே வைத்தேன். முதல் பக்கம் வந்தது, ஆறு நொடியில்.

இனி மென்பொருளைப் பற்றி. நன்றாக வேலை செய்கிறது. தெளிவான அச்சில் ஒரு பக்கத்துக்கு நான்கைந்து திருத்தம்தான். ண, ன குழப்பம் உண்டு. ரகரமும் காலும் அடிக்கடி மாறிவிடும். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, ணை வடிவங்களில் தடுமாறுகிறது, அதற்கு இயந்திரத்தைக் குறை சொல்ல மாட்டேன். சொல் தேடி மொத்தமாக மாற்றும் வசதி மிக நன்று. பக்க எண்ணும் தலைப்பு வரியும் உரைக்குள் கலந்துவிடுவது மட்டும் எரிச்சல். 412 பக்கமும் திருத்தத்தோடு பதினாறு நாளில் முடித்தேன். தட்டச்சு செய்திருந்தால் ஒரு மாதத்துக்கும் மேலாகியிருக்கும்.

இத்தனை நல்ல கருவிக்கு ஏன் இப்படி ஒரு வாசல்? செய்பவர்களுடைய கணினியில் பைத்தான், டெசராக்ட், பாப்ளர் எல்லாம் வருடக்கணக்காக இருக்கும். அவர்களுக்கு இந்த 23 படி ஒருபோதும் வராது. அவர்களுக்கு நியாயமான ஒரு சங்கடமும் உண்டு. சான்றிதழ் வாங்கிக் கையொப்பமிடாத இன்ஸ்டாலரைக் கொடுத்தால் விண்டோஸ் எச்சரிக்கைத் திரை காட்டும், சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். இலவசமாகத் தரும் சிறு குழுவுக்கு அது பாரம்தான். ஆனால் ஒரே ஒரு எச்சரிக்கைத் திரையைத் தாண்டுவதையும் 23 படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நான் திரையைத்தான் கேட்பேன்.

வழியில்லாமலும் இல்லை. பைத்தானையும் நூலகங்களையும் ஒரே ஃபோல்டராகக் கட்டித் தரும் பைஇன்ஸ்டாலர் இலவசம். விண்டோஸ் இன்ஸ்டாலர் செய்யும் இன்னோ செட்டப் 1997 முதல் இருக்கிறது. டெசராக்டும் அதன் பயிற்சிக் கோப்புகளும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகின்றன, கூடவே சேர்த்துக் கொடுக்கத் தடையில்லை. மேன்ஹைம் பல்கலைக்கழக நூலகம் டெசராக்டுக்கு ஒரு விண்டோஸ் இன்ஸ்டாலர் தருகிறது. அதில் கூடுதல் மொழிகளில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சிக் கோப்பு தானாக வந்து தன் இடத்தில் உட்காரும். என் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த ஒற்றைத் தேர்வில் அடங்கியிருந்தது. ஆவணத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அலுவலகத்தில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட கணினி ஒன்று இருக்கிறது. அதில் தமிழ் டெசராக்டை நிறுவ ஒரே வரி தட்டினேன். வேறென்னென்ன வேண்டும் என்று தானே கணக்கிட்டு, இத்தனை எம்பி இறங்கும், தொடரலாமா என்று கேட்டது. ஆம் என்றேன், முடிந்தது. ஆப்ட் என்ற இந்த முறையை உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் 1999இல், 2.1 வெளியீட்டிலேயே கொண்டுவந்துவிட்டது. எது எதற்கு வேண்டும் என்று கணக்கு வைப்பது கணினியின் வேலை என்று அன்றே முடிவு செய்துவிட்டார்கள். என்னிடம் கேட்ட ஒன்பது கேள்விக்கும் விடை இந்த மென்பொருளைச் செய்தவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தவர்கள் ஒருமுறை செய்ய வேண்டிய வேலையை, தெரியாதவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்கிறோம்.

அவர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒன்றை மட்டும் வலியுறுத்திக் கேட்டேன். விண்டோஸ் 10 புரோவில் 1903 பதிப்பு முதல் சாண்ட்பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் எதுவும் நிறுவாத புத்தம்புதிய விண்டோஸாக வரும், மூடினால் எல்லாம் அழிந்துவிடும். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் அதில் தங்கள் 14 பக்கத்தை முதல் வரியிலிருந்து தாங்களே ஒருமுறை செய்து பாருங்கள், பயனர் பெயரைத் தமிழில் வைத்த கணினி ஒன்றிலும் செய்து பாருங்கள். பதில் வந்தது, மரியாதையான பதில். மேல் ஃபோல்டர் என்ற வரியைத் திருத்திவிட்டார்கள். மற்றவற்றைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது: பைத்தான் 3.8.10ஐ எடுங்கள், அடியில் இருக்கும் கட்டத்தை மறக்காதீர்கள். மேன்ஹைம் இன்ஸ்டாலரில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். சூழல் மாறியில் பயிற்சிக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரையே கொடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கட்டளைச் சாளரத்தை மூடித் திறங்கள். பயனர் பெயர் தமிழில் இருந்தால் தற்காலிக ஃபோல்டரை மாற்றிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடியும்.

மதிப்பெண் கேட்டால், வேலைக்கு ஐந்தில் நாலரை. நிறுவலுக்கு ஒன்று, அதுவும் திருத்திய அந்த ஒரு வரிக்காக.

சென்ற வாரம் சார் வீட்டுக்குப் போய் அவர் கணினியில் நானே நிறுவினேன். நாற்பது நிமிடம் ஆனது. கைக்கு வந்த பக்கத்தை ஸ்கேனரில் வைத்தார். வலப்பக்கம் எழுத்து வரிவரியாக வந்ததும் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் திரைக்கு அருகே குனிந்தார். மூன்றாம் வரியில் விரல் நின்றது. ‘மரம்’ என்பது ‘மாம்’ என்று வந்திருந்தது, சிவப்புக் கோடுகூட விழவில்லை.

“நீ எழுந்திரும்மா, இதை நான் பாத்துக்கறேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.